ஜியோஜீப்ரா: பிள்ளைகள் விரலுக்குக் கொடுக்க வேண்டிய கணக்கு

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில், சாயங்காலம் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஆறாவது முதல் பத்தாவது வரை. பாதிப் பிள்ளைகள் கேரளப் பாடத்திட்டத்தைத் தமிழ்வழியில் படிக்கிறவர்கள். மீதிப் பேர் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பள்ளிக்குப் போகிறவர்கள். ஒரே திண்ணையில் இரண்டு மாநிலப் புத்தகங்களும் விரிந்து கிடக்கும். பாட வரிசை வேறு, தேர்வு முறை வேறு. ஆனால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அறிந்த ஒரு பெயர் உண்டு, ஜியோஜீப்ரா. வடிவியல் படமும் வரைபடமும் போட்டு, பிடித்து இழுத்துப் பார்க்கும் மென்பொருள். கேரளத்தில் ஐசிடி என்ற கம்ப்யூட்டர் பாடத்திலும் கணக்குப் பாடத்திலும் அது வருகிறது. தமிழ்நாட்டுக் கணக்குப் புத்தகத்தில் பாடம் முடிகிற இடத்தில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பக்கம், க்யூஆர் கோடோடு இருக்கும். என்னிடம் வருகிற பிள்ளைகளில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தவர்கள் ரொம்பக் கம்மி. அதனால்தான் இதைப் பற்றி விவரமாக எழுதலாம் என்று தோன்றியது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. வீட்டுக்கும் பள்ளிக்கும் பைசா செலவில்லை. ஆனால் திரையில் இருக்கும் புள்ளியைப் பிள்ளையே தன் விரலால் பிடித்து இழுக்க வேண்டும். டீச்சர் இழுத்து, பிள்ளை பார்த்தால், அது இன்னொரு வீடியோ. அவ்வளவுதான்.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-இல் தன் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியது இது. இதே வகை மென்பொருள்கள் அதற்கு முன்பே இருந்தன. பிரான்சின் கிரெனோபிள் நகரத்தில் உருவான காப்ரி, அமெரிக்காவின் ஜியோமீட்டர்ஸ் ஸ்கெட்ச்பேட் இரண்டுமே படத்தைப் பிடித்து இழுத்துப் பார்க்க விட்டவைதான். ஆனால் விலை கொடுத்து வாங்க வேண்டும். ஜியோஜீப்ரா படத்தை ஒரு பக்கமும் அதன் சமன்பாட்டை மறு பக்கமும் காட்டியது, காசும் கேட்கவில்லை. 2021 டிசம்பரில் பைஜூஸ் நிறுவனம் இதை வாங்கியபோது, இனிமேல் கட்டணம் வந்துவிடுமோ என்று கவலைப்பட்டேன். வரவில்லை.

கேரளப் பக்கம் இது பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் பள்ளிக் கம்ப்யூட்டர்களைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. அதுதான் 2017-இல் கைட் என்ற நிறுவனமானது. பள்ளிகளுக்கு அவர்கள் தரும் லினக்ஸில் ஜியோஜீப்ரா கூடவே வந்துவிடும். 2018-இல் தொடங்கி 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் போனபோது அதுவும் சேர்ந்தே போனது. ஆகவே எங்கள் பக்கத்து எட்டாவது பிள்ளைக்கு அந்தத் திரை புதிதல்ல. பார்த்திருப்பான். அவனாக ஒரு புள்ளி வைத்திருக்கிறானா என்பதுதான் கேள்வி.

எதை இறக்குவது என்று பெற்றோர் குழம்புவார்கள். போனில் தேடினால் ஒரே பெயரில் வரிசையாக நாலைந்து வரும். எட்டாவது வரைக்கும் ‘ஜியோமெட்ரி’ என்று இருப்பது போதும். ஒன்பது, பத்துக்கு ‘கிராஃபிங் கால்குலேட்டர்’ சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒன்றாக இருக்கும் ‘கால்குலேட்டர் சூட்’ ஒன்றும் உண்டு, பத்தாவது முடிந்த பிறகு, நல்ல போனாக இருந்தால் அதுவே சரி. ‘காஸ்’ என்று வருவதைப் பத்தாவது முடியும்வரை போனில் வைக்காதீர்கள். காரணிப்படுத்து என்றால் காரணிப்படுத்தித் தந்துவிடும், தீர்வு காண் என்றால் கண்டு கொடுத்துவிடும். பிள்ளை விடையைப் பார்த்து எழுதிவிட்டு எழுந்து போய்விடுவான். பழைய லேப்டாப் இருந்தால் ‘கிளாசிக் 5’ போடுங்கள். இவை எல்லாமே ஒரு தடவை இறக்கிவிட்டால் நெட் இல்லாமல் ஓடும். தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு இருந்து, டவர் கிடைக்காமல் அல்லாடும் எங்கள் ஊருக்கு இது பெரிய விஷயம்.

சரி, இனி இது பிள்ளைக்கு என்ன செய்கிறது என்று சொல்கிறேன்.

எட்டாவது படிக்கும் பையன் ஒருவன். அப்பா கள் இறக்குகிறவர். வடிவியல் பெட்டியைத் திறந்தாலே முகம் சுருங்கும். அவனிடம் டேப்லெட்டைக் கொடுத்து, கட்டக் கோடுகளையும் அச்சுகளையும் மறைத்துவிட்டு, “ஒரு சதுரம் போடு, சாமி” என்றேன். நான்கு புள்ளி வைத்தான், கோட்டால் சேர்த்தான். கண்ணுக்குக் கச்சிதமான சதுரம். நோட்டில் போட்டிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். “இப்ப ஒரு மூலையைப் பிடிச்சு இழு” என்றேன். இழுத்தான். சதுரம் கோணிக்கொண்டு ஏதோ ஒரு நாற்கரமாகிவிட்டது.

“ஒடஞ்சு போச்சுங்க டீச்சர்” என்றான்.

அவன் கணக்கில் அதுவரை சதுரம் என்றால் சதுரம் மாதிரித் தெரிவது. உடைந்த பிறகுதான் அவன் கேட்டான், அப்போ சதுரம்னு இதுக்கு எப்படிச் சொல்லறதுங்க? இந்தக் கேள்விக்காகவே இந்த மென்பொருளைக் கும்பிடலாம். மூலை செங்கோணமாக இருக்க வேண்டும் என்று அவனே சொன்னான். ஏ, பி என்று இரண்டு புள்ளி வைத்து, ஏ வழியாகவும் பி வழியாகவும் செங்குத்துக்கோடு போட்டான். இழுத்துப் பார்த்தான். மூலை கலையவில்லை. ஆனால் உயரம் நிற்கவில்லை, செவ்வகமாக நீண்டுகொண்டே போனது. அடுத்து நீளத்தை எப்படிக் கடத்துவது என்று முழித்தான். அளவெடுத்து எழுதிப் பார்த்தான். பி-யை இழுத்ததும் அளவு மாறியது, எழுதியது அப்படியே நின்றது, மறுபடி உடைந்தது.

நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பக்கத்தில் தமிழ்நாட்டுப் பாடம் படிக்கும் ஒன்பதாவது பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏ-யை மையமா வெச்சு பி வழியா ஒரு வட்டம் போடு” என்றாள். போட்டான். வட்டம் செங்குத்துக்கோட்டை வெட்டிய இடத்தில் புள்ளி வைத்து, அதன் வழியாக இணைகோடு இழுத்து, நான்காவது மூலையைப் பிடித்தான். பிறகு பி-யைச் சுற்றிச் சுற்றி இழுத்தான். சதுரம் பெரிதானது, சிறிதானது, சாய்ந்தது, தலைகீழானது, சதுரமாகவே இருந்தது. காம்பஸ் வட்டம் போடும் சாமான் என்று ஆறாவதிலிருந்து நினைத்திருந்தவனுக்கு, அது ஒரு நீளத்தை இன்னொரு இடத்துக்கு எடுத்துப்போகும் சாமான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதற்கப்புறம் அவன் கவனித்த ஒன்றை நான் எத்தனையோ வகுப்பில் சொல்லிக் காட்டியிருக்கிறேன். ஏ, பி இரண்டும் நீல நிறத்தில் இருந்தன. மற்ற இரண்டு மூலையும் கறுப்பு. “கறுப்பு ரெண்டும் நகர மாட்டேங்குதுங்க.” நீலப் புள்ளியை நம் இஷ்டத்துக்கு வைக்கலாம். கறுப்புப் புள்ளி நீலம் சொல்கிற இடத்தில்தான் நிற்கும். ஒரு கோட்டின் மேலோ வட்டத்தின் மேலோ வைத்த புள்ளி வெளிர்நீலமாக இருக்கும். அது முளையில் கட்டிய ஆடு மாதிரி, சுற்றலாம், விட்டுப் போக முடியாது. தேற்றம் எழுதும்போது ‘கொடுக்கப்பட்டவை’ என்று ஒரு தலைப்பும் ‘எனவே’ என்று ஒரு சொல்லும் வருகிறதே, அந்த இரண்டுக்கும் உள்ள உறவு இந்த நிறத்தில் தெரிகிறது. அவை வெறுமனே எழுத வேண்டிய சடங்கு என்றுதான் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சதுரத்தை ஒரே சொடுக்கில் போட்டுத் தரும் ‘ஒழுங்குப் பலகோணம்’ கருவியும் இதில் உண்டு. நான் கிளாசிக் 5-இல் அதைக் கருவிப்பட்டையிலிருந்தே எடுத்துவிடுவேன். அதற்கு வசதி வைத்திருக்கிறார்கள், டூல்ஸ் மெனுவில் கருவிப்பட்டையை மாற்றியமைக்கலாம். புள்ளி, கோடு, வட்டம், வெட்டும் புள்ளி இந்த நான்கை மட்டும் விட்டு வைத்தால் யூக்ளிட் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய இடத்துக்கே பிள்ளை போய்விடுவான். அவருடைய நூலின் முதல் அமைப்பே இரண்டு வட்டம் போட்டுச் சமபக்க முக்கோணம் காண்பதுதான். என் வகுப்பிலும் முதல் வேலை அதுதான். அமைப்பு எப்படி வந்தது என்று படிப்படியாக ஓட்டிக் காட்டும் வசதியும் இருக்கிறது. பிள்ளை எந்த இடத்தில் யோசித்தான், எந்த இடத்தில் கண்ணளவில் வைத்தான் என்று அதில் பிடித்துவிடலாம். நோட்டைத் திருத்துவதைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது.

இன்னொன்று. இதை விவரமாகவே சொல்ல வேண்டும்.

முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 பாகை. ஏழாவது பிள்ளைகளிடம் ஒரு முக்கோணத்தைப் போடச் சொல்லி, மூன்று கோணத்தையும் அளக்கச் சொல்லி, ஒரு முனையை இழுக்க இழுக்க நோட்டில் எழுதிக் கூட்டச் சொன்னேன். எல்லோரும் 180 என்று எழுதிக்கொண்டே போனார்கள். பாதிப் பேர் கூட்டாமலேயே எழுதினார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு பெண் மட்டும் கையைத் தூக்கினாள். “எனக்கு 179.99 வருதுங்க டீச்சர்.” கூட்டல் தப்பு என்று மற்றவர்கள் கத்தினார்கள். நோட்டை வாங்கிப் பார்த்தேன். 47.38, 71.15, 61.46. கூட்டிப் பாருங்கள், 179.99-தான்.

மென்பொருள் கோணத்தை இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கிக் காட்டுகிறது. இதை நேரடியாகச் சொல்லாமல், அமைப்பில் போய்த் தசம இடத்தை மூன்றாக்கச் சொன்னேன். 47.384, 71.154, 61.462 என்று வந்தது. கூட்டினால் சரியாக 180. சந்தோஷப்பட்டாள். முனையைக் கொஞ்சம் நகர்த்தினாள், இப்போது 0.001 குறைந்தது. தசமமே வேண்டாம் என்று வைத்துப் பார்த்தாள். முதல் முக்கோணமே 47, 71, 61 என்று ஆகி 179-இல் நின்றது. ஒரு முழுப் பாகை காணோம். அந்தப் பட்டியலில் பதினைந்து தசம இடம் வரை போகலாம். போனாள். கடைசியில் அவள் சொன்னாள்: “எவ்வளவு தள்ளி அளந்தாலும் சந்தேகம் தீர மாட்டேங்குதுங்க. அப்புறம் எப்படிங்க 180-ன்னு அடிச்சுச் சொல்றாங்க?”

அந்தக் கேள்வியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு ஓர் இணைகோடு போட வைத்தேன். ஒன்றுவிட்ட கோணங்கள் இரண்டு பக்கமும் ஏறி வந்து, உச்சிக் கோணத்தோடு சேர்ந்து ஒரு நேர்கோட்டை நிரப்பின. அளக்கவே வேண்டாம். இந்த நிரூபணத்தைப் பல காலமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். பிள்ளைகள் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அன்றைக்கு முதல் தடவையாக ஒரு பிள்ளைக்கு அது தேவைப்பட்டது. அளப்பது எங்கே தீர்ந்துபோகிறது, காரணம் சொல்வது எங்கே தொடங்குகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஜியோஜீப்ராவில் அளவு காட்டும்போது வருகிற இந்தச் சின்னக் குறையை ஆசிரியர்கள் மறைக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். வகுப்பில் தானாக வந்து விழுகிற வாய்ப்பு அது.

கேரளப் பத்தாவதில் வட்டங்கள் பாடத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். விட்டத்தின் இரண்டு முனையையும் ஒரு புள்ளியோடு சேர்த்தால், புள்ளி வட்டத்துக்கு உள்ளே இருக்கையில் கோணம் 90-க்கு மேல், வெளியே இருக்கையில் 90-க்குக் கீழ், வட்டத்தின் மேல் இருந்தால் சரியாக 90. வட்டத்தை முதலில் காட்டாதீர்கள். விட்டத்தை மட்டும் போட்டு, ஒரு நீலப் புள்ளியைக் கொடுத்து, 90-க்குப் பக்கத்தில் வருகிற இடங்களையெல்லாம் தேடச் சொல்லுங்கள். புள்ளிக்குத் ‘தடம்’ போட்டுவிட்டால் அது போன வழி திரையில் பதியும். பிள்ளைகள் விரல் நடுங்க நடுங்க இழுத்து, அந்த வழி வளைந்துகொண்டு போவதைத் தாங்களே பார்ப்பார்கள்.

வரைபடத்துக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் கடைசியில் எட்டு மதிப்பெண் கேள்விகள் வரும், வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று. கணக்கில் தடுமாறும் பிள்ளையைக் கரை சேர்ப்பதே இந்தப் பதினாறு மதிப்பெண்தான் என்று எல்லா ஆசிரியருக்கும் தெரியும். அதனால் பயிற்சி பயிற்சியாகப் போட வைக்கிறோம். அட்டவணை போடு, புள்ளி குறி, சேர். ஒய் சமம் எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் எக்ஸ் கழித்தல் 12 என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸுக்கு −1 கொடுத்தாலும் −12, 0 கொடுத்தாலும் −12. பிள்ளைகள் இந்த இரண்டு புள்ளியையும் ஸ்கேல் வைத்து ஒரு படுக்கைக் கோட்டால் சேர்த்துவிடுவார்கள். வளைவின் அடி தட்டையாகிவிடும். “அங்கே வளையணும்” என்று சொன்னால் வளைப்பார்கள், ஏன் என்று தெரியாது.

ஜியோஜீப்ராவில் அதே சமன்பாட்டைத் தட்டி, அடிப்பக்கத்தை இரண்டு விரலால் பெரிதாக்கச் சொன்னால், −1-க்கும் 0-க்கும் நடுவில் கோடு இன்னும் கீழே இறங்குவது தெரியும். −0.5-இல் −12.25 வரை போகிறது. பிள்ளையை அந்த −0.5-ஐக் கையால் பிரதியிட்டுப் பார்க்கச் சொல்வேன். கால் குறைகிறது என்று கணக்கும் சொல்லும். பிறகு அவன் ஸ்கேலைத் தொட மாட்டான். எக்ஸ் அச்சை −4-இலும் 3-இலும் வெட்டுவதைப் பார்த்துவிட்டு, காரணிப்படுத்தினால் வரும் விடையும் இதுவும் ஒன்றுதான் என்று சேர்த்துப் பார்க்கவும் இது உதவும். ஸ்லைடர் (நகர்த்தினால் எண் மாறும் பட்டை) வைத்து ‘ஒய் சமம் ஏ எக்ஸ் ஸ்கொயர்’ போட்டு ஏ-யின் மதிப்பை நகர்த்தினால் வளைவு ஒடுங்குவதும், விரிவதும், பூஜ்யத்தில் தட்டையாகிப் படுப்பதும், குறை எண்ணில் கவிழ்வதும் தெரியும். இதைச் சொல்லால் விளக்கியே பல நாள் வீணாகும்.

ஆனால் ஒன்று. கிராஃப் தாளில் கையால் போடுவதை விட்டுவிடக் கூடாது. அளவுத்திட்டம் எப்படித் தேர்ந்தெடுப்பது, தாளில் அச்சை எங்கே வைத்தால் முழு வளைவும் அடங்கும் என்பதையெல்லாம் மென்பொருள் தானே செய்துவிடுகிறது. தேர்வு அறையில் அது கூட வராது. நான் முதலில் தாளில் போட வைப்பேன், பிறகு திரையில் சரிபார்க்கச் சொல்வேன். இந்த வரிசையை மாற்றினால் பிள்ளை திரையைப் பார்த்துத் தாளில் வரைந்துவிடுவான், கற்றது எதுவும் இருக்காது.

புத்தகத்து க்யூஆர் கோடைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதை ஸ்கேன் செய்தால் யாரோ ஏற்கெனவே செய்து முடித்த படம் திறக்கும். ஸ்லைடரை நகர்த்தலாம், பெட்டியில் டிக் போட்டு விடை பார்க்கலாம். வீடியோவைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அங்கே நீலப் புள்ளி எதை வைக்கலாம், கறுப்பு எங்கே வரும் என்று இன்னொருவர் முடிவு செய்துவிட்டார். வெற்றுப் பக்கத்தில் பிள்ளை தானாக வைக்கும் புள்ளிக்கு அது ஈடாகாது. பாடத்தை அறிமுகப்படுத்த அதைப் பயன்படுத்துங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

புரொஜெக்டரும் அப்படித்தான். ஒரு வகுப்பில் நாற்பது பேர், ஒரு லேப்டாப் என்றால் ஆசிரியர் என்ன செய்வார்? அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த ஒரு லேப்டாப்பையும் வரிசையாகப் பிள்ளைகளிடம் கொடுத்து, “அடுத்து எங்கே வைக்கணும்?” என்று மற்றவர்களைச் சொல்ல வைக்கலாம். ஒருவர் இழுக்க, முப்பத்தொன்பது பேர் சண்டை போட்டு வழி சொல்ல, அந்தச் சத்தத்தில் கணக்கு நடக்கும். வகுப்பு அமைதியாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் தலைமையாசிரியர்கள் இதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு, மலையாளமும் உண்டு. தமிழைப் போட்டாலும் சில இடத்தில் ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். கருவி ஒவ்வொன்றுக்கும் படம் இருப்பதால் எங்கள் பிள்ளைகள் எழுத்தைப் பார்ப்பதேயில்லை. சின்ன போனில் ஒரே தொல்லை, இழுக்கும் விரலே புள்ளியை மறைத்துவிடும். படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு இழுக்கப் பழக்குங்கள், அல்லது அஞ்சல் அட்டை அளவுத் திரைக்குப் பதில் பழைய டேப்லெட் ஏதாவது கிடைத்தால் வாங்குங்கள். முப்பரிமாணப் படத்தை லேப்டாப்பில் பார்ப்பதே நல்லது.

டேப்லெட் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில வருடம் முன்பு எங்கள் பக்கத்தில் ஒரு கம்பெனியின் ஆட்கள் வீடு வீடாக வந்து, பாடம் அடைத்த டேப்லெட்டைத் தவணைக்கு விற்றுவிட்டுப் போனார்கள். செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒரு தாய் மாதாமாதம் பணம் கட்டினார். அதில் இருந்தது வீடியோவும், சரியான விடைக்கு விழும் நட்சத்திரமும்தான். பாடம் ஆங்கிலத்தில். பிள்ளை படிப்பதோ தமிழ்வழி. திருப்பித் தரலாம் என்று சொன்ன நம்பரை யாரும் எடுக்கவில்லை. அந்த அம்மா என்னிடம் வந்து, “ஏனுங்க டீச்சர், இதுல கணக்கு எங்கீங்க இருக்குது?” என்று கேட்டார். அந்த டேப்லெட்டிலேயே ஜியோஜீப்ராவை இறக்கிக் கொடுத்தேன். தவணை கட்டி முடிக்கும் முன்பே பிள்ளைக்கு வட்டமும் தொடுகோடும் கைவந்துவிட்டது. காசு வாங்கும் எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. பிள்ளையின் கையால் எதையாவது செய்ய விடுகிறதா, அவன் படிக்கும் மொழியில் இருக்கிறதா என்ற இரண்டையும் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

ஜியோஜீப்ராவால் ஆகாதவையும் இருக்கின்றன. வாய்ப்பாடு வராத பிள்ளைக்கு அது உதவாது. பின்னத்தில் தடுமாறுகிறவனுக்கும் நான் முதலில் இதைக் கொடுப்பதில்லை, புளியங்கொட்டையும் மடித்த காகிதமும்தான். அடுத்த கட்டமாகக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் விளையாட்டுகள் உண்டு. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது, அதுவும் இலவசம். பின்னத்துக்கும் சமன்பாட்டுத் தராசுக்கும் அங்கே நல்லவை இருக்கின்றன. சொற்கணக்கைப் படித்துப் புரிந்துகொள்ள எந்தத் திரையும் உதவி செய்து நான் பார்க்கவில்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிற பெற்றோருக்கு என் யோசனை இதுதான். முதல் நாள் எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள், பிள்ளை கோடும் வட்டமும் போட்டு விளையாடட்டும். பிறகு சமபக்க முக்கோணம். அப்புறம் சதுரம், உடையாத சதுரம். அதில் எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும், அவசரப்படுத்த வேண்டாம். அடுத்து முக்கோணத்தின் நடுக்கோடுகள் மூன்றையும் போட்டு, எங்கே இழுத்தாலும் அவை ஒரே புள்ளியில் சந்திக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று உயரக் கோடுகளும் சந்திக்கும் செங்கோட்டு மையத்துக்கு வரும்போது, முக்கோணத்தை விரிகோணமாக இழுத்தால் அந்தப் புள்ளி வெளியே ஓடிவிடும். ஏன் என்று பிள்ளை கேட்பான். உங்களுக்கு உடனே பதில் தெரியவில்லை என்றால் பரவாயில்லை, சேர்ந்து இழுத்துப் பாருங்கள்.

கேரளப் பள்ளிகளில் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் குழு இருக்கிறது, 2018 முதல். அந்தப் பிள்ளைகளிடம் கேட்டால் மென்பொருளைப் போட்டுத் தருவதில் தொடங்கி எல்லா உதவியும் செய்வார்கள். வீட்டில் செய்த படத்தைக் கோப்பாகச் சேமித்துப் பென்டிரைவில் பள்ளிக்குக் கொண்டுபோனால் அங்கே லினக்ஸிலும் திறக்கும். பள்ளியில் பாதி செய்ததை வீட்டுக்குக் கொண்டுவந்தும் முடிக்கலாம்.